ஷம்பா ஜெராக்ஸ்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே மழை. கார்டன் ரீச் ரோட்டில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆபீசில் அரை நாள் லீவு, சொன்ன காரணம் பல் வலி. வீட்டில் சொன்ன காரணம் ஆபீஸ். ஒரு நாளைக்கு இரண்டு பொய் என்பது எனக்கு இப்போது சராசரி.

உண்மையில் போனது ராஷ்பிஹாரி பக்கம் இருக்கும் விசா ஆலோசகரிடம். ரீனா என்று பெயர். எல்லோரும் ரீனாதி, அதாவது ரீனா அக்கா, என்கிறார்கள், நானும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் அதைத் தேடுகிற ரகம்.

அனிர்பான் அடிலெய்டில். நான் கல்கத்தாவில். அவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள் என்ற வகையில் எனக்கு ஆஸ்திரேலியா விசா. இந்த மாதக் கடைசிக்குள் மனு போட வேண்டும். தள்ளிப்போனால் போலீஸ் சான்றிதழ் காலாவதி, எல்லாம் முதலிலிருந்து.

ரீனாதி கேட்டது ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் நிஜமாகவே காதலிக்கிறீர்கள் என்பதற்குச் சான்று. சேர்ந்து எடுத்த படம், சாட், கால் பதிவு, ஒன்றாகப் போன ஊர், இரு வீட்டாரும் கூட நிற்கும் போட்டோ.

மொபைலை நீட்டினேன். சாட் காலி. படம் காலி. கால் பதிவில் நேற்றும் முந்தாநாளும் அழிக்க மறந்தது மட்டும் இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். ஷம்பா ஜெராக்ஸ்.

"ஷம்பா யாரு?"

"அனிர்பான்தான், ரீனாதி. வீட்ல யாராவது பாத்தா சந்தேகம் வரக்கூடாதுன்னு."

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எல்லாரும் நிச்சயதார்த்த ஆல்பம் கொண்டு வராங்க. நீ ஒரு ஜெராக்ஸ் கடையைக் கொண்டு வந்திருக்கே. தினமும் அவ்வளவு நேரம் என்னம்மா ஜெராக்ஸ் எடுத்தே?"

நானும் சிரித்தேன்.

அவர் சொன்ன வழி: இரண்டு பக்கத்துப் பெற்றோரும் வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த உறவு எங்களுக்குத் தெரியும், உண்மையானது என்று. அனியின் அம்மா எழுதிவிட்டார். ரீனாதி மாதிரித் தாள் ஒன்றை என்னிடம் கொடுத்து, "உங்க அப்பா எழுதுவாரில்லையா?" என்றார்.

"எழுதுவார்" என்றேன். இன்றைய மூன்றாவது.

வாங்க வேண்டியது: கொசுவர்த்தி. நல்லெண்ணெய். குடை (பழையதில் கம்பி போச்சு).

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டு விட்டு. டாலிகஞ்சில் நான் வேலை பார்க்கும் ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் ஏசி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறார்கள்.

எப்படி அழித்தேன் என்று இங்கேயாவது இருக்கட்டும்.

நாங்கள் இருப்பது ரயில்வே குவார்ட்டர்ஸ். இங்கே தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் மற்றதன் சமையலறை வரை தெரிந்து வைத்திருக்கும். பொங்கல் விழாவில் யார் பெண் யாரோடு பேசினாள் என்பது கரும்பு தீருவதற்குள் எல்லோருக்கும் தெரியும். ஒரு படம் கசிந்தால், நான் வீடு போய்ச் சேருவதற்கு முன் அது அம்மாவின் மொபைலில் இருக்கும். அதனால் ஒரு வழக்கம். சாயங்காலம் பஸ் கிதிர்பூர் தாண்டியதும் அழிக்க ஆரம்பிப்பேன். குவார்ட்டர்ஸ் கேட் வரும்போது மொபைல் சுத்தம். வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவுகிறோம் இல்லையா, அது போல.

அனியையும் அழிக்கச் சொல்லியிருந்தேன். ஜாதவ்பூரில் படித்த காலத்திலிருந்து பழக்கம். நான் இங்கிலீஷ், அவன் சிவில். மேல்படிப்புக்கு அங்கே போனான், வேலை கிடைத்தது, நிரந்தரமாகத் தங்க அனுமதியும் கிடைத்தது, இருந்துவிட்டான். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தான். இரண்டு தடவையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுக்கவில்லை. எடுக்க விடவில்லை நான்.

மத்தியானம் ஸ்டூடியோ படிக்கட்டில் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசுவது வங்காளத்தில்தான், எனக்கு அதுதான் வேகமாக வரும்.

"ஏதாவது ஒளிச்சு வெச்சிருப்பியே?"

"இல்ல."

"ஒரு படம் கூடவா?"

"நீ அழிக்கச் சொன்ன. அழிச்சிட்டேன்."

"நான் சொன்னா அப்படியே செஞ்சிடுவியா?"

"செய்யக்கூடாதா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அசட்டுக் கோபம். யோசித்தால் இதைவிட நல்ல பதில் ஒருத்தன் சொல்ல முடியாது. ஆனால் நல்ல பதிலை மனுவில் ஒட்ட முடியாதே.

கிடைத்தது ஒரே ஒரு படம். கல்லூரி விழாவில் பெரிய கும்பல். நான் ஒரு ஓரம், அவன் மறு ஓரம். நடுவில் ஒரு தபலா.

மீதி நாள் வேலை. சீரியல் வசனத்திலிருந்து இருமல், மின்விசிறி, ஆட்டோ ஹாரன் எல்லாம் நீக்கினேன். என் பிழைப்பே அழிப்பதுதான் போல.

ஜூலை 10, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். எழுதினால் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைப்பு.

அப்பா அடித்ததில்லை. கத்தியதில்லை. குடி கிடையாது, வெற்றிலை கூடக் கிடையாது. ரயில்வே தலைமை அலுவலகத்தில் பர்சனல் பிரிவு. இறந்துபோன ஊழியர்களின் குடும்ப பென்ஷன் ஃபைல்கள் அவர் மேஜைக்குத்தான் வரும். ஒரு தேதி பொருந்தாவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது. ஆபீசில் சுப்பையா பாபு என்றால் மரியாதை.

கோபம் வந்தால் பேசமாட்டார். அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பில், துர்கா பூஜை சமயம், வீட்டில் சொல்லாமல் தோழிகளோடு பந்தல் பார்க்கப் போனேன். இருட்டுவதற்குள் வந்துவிட்டேன். அன்று நிறுத்திய பேச்சை மூன்று வாரம் கழித்து, தீபாவளியோடு வரும் காளி பூஜை முடிந்து, பட்டாசுக் குப்பை வாரிய பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார். அதுவரை நான் இருக்கிற அறையில் நான் இல்லாத மாதிரி நடப்பார். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போனது நினைவிருக்கிறது. தெரியாமல் செய்ததா என்று இன்றுவரை கேட்டதில்லை. எல்லாம் அம்மா வழியாக. "அவளை மருந்து குடிக்கச் சொல்லு." எதிரே உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகும் உண்டு. சயன்ஸ் எடுக்காமல் இங்கிலீஷ் எடுத்தபோது. சினிமாக்காரர்கள் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது. ஒவ்வொரு தடவையும் நான்தான் போய் மன்னிப்பு கேட்டேன். எதற்கு என்று தெரியாமலேயே கேட்டதும் உண்டு.

பிறகு அவருக்குத் தெரியாமல் எதையும் செய்யக் கற்றுக்கொண்டேன்.

இப்போதைய பயங்கள்:
சொன்னால் பேசமாட்டார்.
சொல்லாவிட்டால் விசா கிடையாது.
விசா கிடைத்துவிட்டால்?

மூன்றாவதை எழுதிவிட்டு எழுந்து டீ போடப் போனேன்.

ஜூலை 11, வெள்ளி

ஆபீசில் வேலை குறைவு. மொபைல் மேப்பில் அனியின் தெருவைப் பார்த்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் போனேன். வீடு, புல், கார், வீடு, புல். ஒரு மனிதர் இல்லை. ஒரு டீக்கடை இல்லை. சண்டை போட்டுக்கொண்டு கதவைச் சாத்தி வெளியே வந்தால் எங்கே போய் நிற்பது? இங்கே என்றால் பத்தடி நடப்பதற்குள் யாராவது "கீ ஹோலோ?" என்பார்கள், என்ன ஆச்சு என்று. எரிச்சலாக இருக்கும். அங்கே எரிச்சல்படக்கூட ஆள் இல்லை.

நேற்று அனியோடு சின்ன மனஸ்தாபம். அப்பாவிடம் எப்போது சொல்வாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தான், நான் எரிந்து விழுந்தேன். சட்டென்று ஃபோனை வைத்துவிட்டான். இன்று மத்தியானம் வரை எடுக்கவில்லை. வேலை, அப்புறம் தூங்கிவிட்டேன் என்கிறான். இருக்கலாம்.

ஆனால் எனக்கு அந்த மௌனத்தை அடையாளம் தெரியும். அதோடுதான் வளர்ந்தேன்.

அவனோடு நேரில் இருந்த நாட்கள் எல்லாம் லீவு நாட்கள். லீவில் யாருக்குக் கோபம் வரும்? கோபமாக இருக்கிற அனியை ஒரே வீட்டுக்குள் நான் பார்த்ததே இல்லை. ஃபோனில் என்றால் வைத்துவிடலாம், மறுநாள் எடுக்கலாம். அந்த வீட்டில், அந்தத் தெருவில், அவன் பேசாமல் போனால் எனக்கு வேறு யாரும் இல்லை. அம்மா வழியாகச் சொல்லி அனுப்பக்கூட அங்கே அம்மா இல்லை.

படிவத்தில் ஒரு கேள்வி: வீட்டு வேலைகளை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள்? பதில்: அவன் அங்கே பாத்திரம் கழுவுவான், நான் இங்கே படிக்கட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தம் கேட்பேன். இதை எழுதினால் அதிகாரி நம்புவாரா? எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஜூலை 12, சனி

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருந்து வரவே இல்லை.

அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கூடப் படித்தவன், வங்காளி, பெயர் அனிர்பான், ஆஸ்திரேலியாவில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம், நான் அங்கே போக வேண்டும்.

அம்மா கை நிற்கவில்லை. நரம்பை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மீன் திங்கப் பழக்கி விட்டது அவன்தானா?"

"உனக்குத் தெரியுமா?"

"உன் துப்பட்டாவுல வாடை அடிக்காதா? மீன் தின்னதைக் கண்டுபிடிச்சேன். ஆளைக் கண்டுபிடிக்காமப் போயிட்டேனே."

பிறகு அழுதாள். சத்தமில்லாமல், வாழைப்பூக் கறை படிந்த கையால் கண்ணைத் துடைக்க முடியாமல். நான் என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். முகர்ந்து பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் பாதி வந்தது.

"அப்பாட்ட நீ சொல்லேம்மா."

"நான் சொல்ல மாட்டேன் பாத்துக்கோ. அவுகளுக்கும் ஒனக்கும் நடுவுல தூது போயே எனக்குப் பாதி வயசு போச்சு. நீயே சொல்லு."

"பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்."

இதை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. சமையலறையில் இருந்த இரண்டு பேருமே அதே ஆளுக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம். அந்த ஆள் கூடத்தில் உட்கார்ந்து, யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல், குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போடுவார். தானே போட்டால்தான் காலர் ஒழுங்காக வரும் என்று எண்ணம். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் நின்றிருக்கும். எல்லாம் சொன்னேன். நீங்கள் ஒரு வாக்குமூலம் எழுதித் தரணும், இல்லாவிட்டால் விசா கிடைக்காது என்பது வரை.

பெட்டி நின்றது. சட்டையில் வைத்தபடியே நின்றுவிடுமோ, கருகிவிடுமோ என்று அந்த நேரத்திலும் ஒரு கவலை. தூக்கி நிமிர்த்தி வைத்தார்.

"எத்தனை வருஷமா?"

"ஆறுப்பா."

"ம்."

ஒயரைச் சுற்றினார். பெட்டியை அதன் இடத்தில் வைத்தார். இரண்டு சட்டை இன்னும் போடாமல் கிடந்தது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கத்தரிக்காயும் பச்சைமிளகாயும் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார். மிளகாய் ஏற்கெனவே இருந்தது.

மாதிரித் தாளை அவர் கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வைத்தேன். சாயங்காலம் பார்த்தேன், கண்ணாடி இல்லை. தாள் அங்கேயே இருந்தது.

ஜூலை 14, திங்கள்

பேசவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பேசவில்லை. காலையில் கூடத்திலிருந்து குரல்: "அவ குடை எடுத்துக்கிட்டாளான்னு கேளு."

அம்மா: "அவ இந்தா நிக்கா. நீங்களே கேளுங்க."

கேட்கவில்லை. நானும் குடை எடுக்காமல் போனேன். வீம்பு. டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் தொப்பலாக நனைந்தேன்.

ஜூலை 16, புதன்

தும்மல். ரீனாதி ஃபோன் செய்தார், நான் எடுக்கவில்லை. அனிக்கு மெசேஜ்: இன்னும் இல்லை. அவன் பதில்: நான் இருக்கேன். இதையெல்லாம் இப்போது அழிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பஸ் கிதிர்பூர் தாண்டியதும் விரல் தானாகப் போனது. அழித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒன்று நினைத்தேன். மனுவே போடாமல் விட்டுவிட்டால்? அனியிடம் முடியவில்லை என்று சொல்லிவிட்டால்? அப்பா நாளைக்கே பேசிவிடுவார். இதே பஸ், இதே வேலை, இதே மழை. உடம்பெல்லாம் லேசானது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், பயந்து எழுந்து நின்றுவிட்டேன். இறங்க வேண்டிய இடம் வரவே இல்லை. பக்கத்து சீட் அம்மாள் "என்னம்மா, இங்கேயா?" என்றார். இல்லை என்று உட்கார்ந்தேன்.

ஜூலை 17, வியாழன்

பேசினார்.

வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். என் அறை வாசலில் நின்றார். கையில் மாதிரித் தாள். தாள் முழுக்கச் சிவப்பு மை.

"இதை யார் எழுதினா?"

"விசா ஆபீஸ்ல குடுத்த மாதிரிப்பா."

"இந்தப் பையனை ஆறு வருஷமா எனக்கு நல்லாத் தெரியும்னு இருக்கு. எனக்கு ஞாயித்துக்கெழமைதான தெரியும்?"

அதை அடித்திருந்தார். 'குடும்ப விழாக்களில் பலமுறை சந்தித்துள்ளோம்' என்பதையும் அடித்து, ஓரத்தில்: எந்த விழா? 'எங்கள் முழு ஆசியுடன்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம், கேள்விக்குறி. 'நான் சுப்பையா' என்பது மட்டும் தப்பித்திருந்தது.

"புருஷன் செத்தப்புறம் யாரோ நல்ல எண்ணத்துல பொய்யா ஒரு வரி எழுதிக் குடுப்பான். பின்னால தேதி ஒத்துவராது. பென்ஷன் இல்லாம அலைஞ்ச பொம்பளையளை நான் பாத்திருக்கேன். எனக்குத் தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப முடியாதாப்பா?"

"தெரிஞ்சுக்கிடுதேன். நம்பர் குடு."

நம்பர் சொன்னேன். தன் மொபைலில் தானே அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக முழுப் பெயரும் கேட்டு, அனிர்பான், குடும்பப் பெயர், அடைப்புக்குறிக்குள் அடிலெய்ட். என் மொபைலில் அவன் இன்னும் ஜெராக்ஸ் கடையாகத்தான் இருக்கிறான்.

சந்தோஷப்பட வேண்டும். படுகிறேனா? புதுப் பயம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அப்பா ஃபைல் பார்க்கிற ஆள். நான் பார்க்காமல் விட்டதையும் பார்த்துவிடுவார்.

ஜூலை 19, சனி

பெருமழை. கரண்ட் போய் வந்தது.

நம் நேரம் பதினொரு மணிக்கு ஃபோன் என்று முடிவு. அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாவும் நானும் சமையலறையில். விசில் சத்தத்தில் எதுவும் தவறிவிடக் கூடாது என்று அம்மா குக்கரை அணைத்துவிட்டாள்.

அப்பாவின் வங்காளம் சந்தை வங்காளம். விலை கேட்க, எடை சரிபார்க்க, வாடல் காயைத் திருப்பிக் கொடுக்க. அதை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நடுநடுவே இந்தி, ஆபீஸ் இங்கிலீஷ்.

காதில் விழுந்தவை, தமிழில்:

சாப்பாடு யார் சமைக்கிறது? நீயா? என்ன தெரியும்?

மீன் இல்லாமல் எத்தனை நாள் இருப்பாய்? (பதில் நீளம். அம்மா என்னைப் பார்த்தாள்.)

சைட் வேலையா, ஆபீஸ் வேலையா? வெளியூர் அனுப்புவார்களா? அப்போது இவள் தனியாகவா இருக்க வேண்டும்?

பக்கத்து வீட்டில் யார்?

இதற்குப் பதில் வரவில்லை போல. அப்பா குரல் உயர்ந்தது. "பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாமல் எப்படி அந்த வீட்டில் இருக்கிறாய்? ஒரு பெண் அங்கே வரப்போகிறாள். போய்க் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்லு."

மாவு கிண்டுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்த நான் கரண்டியை வைத்துவிட்டேன். மேப்பில் அந்தத் தெருவைப் பார்த்து நான் பயந்தது யாருக்கும் தெரியாது. அனியிடம் கூடச் சொன்னதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அனி போய்க் கதவைத் தட்டியிருக்கிறான். வயதான கிரேக்கர் ஒருவர், பெயர் ஸ்டாவ்ரோஸ், மனைவி இல்லை, நாய் உண்டு. ஒரு பை எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினாராம். இரண்டு வருடமாக அந்த மரத்தை அனி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான், யாருடையது என்று தெரியாமல்.

அப்பாவிடம் தகவல் போனது. குறித்துக்கொண்டார். எழுத்துக்கூட்டி.

இரண்டு சட்டையும் இன்று இஸ்திரி ஆயிற்று.

ஜூலை 21, திங்கள்

நேற்று சாயங்காலம் நான் கடைக்குப் போயிருந்தபோது அப்பா மறுபடியும் அனியைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு இன்று படிக்கட்டில்தான் தெரிந்தது. அனி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"உங்க அப்பா ஒண்ணு கேட்டாரு. கோவம் வந்தா நீ சத்தம் போடுவியா, பேசாம இருப்பியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"பேசாம இருப்பேன்னு சொன்னேன். அதானே உண்மை."

எந்தக் கேள்வியை இத்தனை நாள் நான் கேட்கப் பயந்தேனோ, அதை அப்பா கேட்டு, அவன் பதிலும் சொல்லிவிட்டான். நான் பயந்த பதிலேதான்.

"அதுக்கு அவரு?"

"ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. லைன் போயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம், அது வேண்டாம்னாரு. சத்தம் போடு, அவளும் போடுவா, அது அன்னிக்கே முடிஞ்சுடும். பேசாம இருந்துடாதே, எப்படித் திரும்பப் பேச ஆரம்பிக்கிறதுன்னு உனக்கே தெரியாமப் போயிடும்னாரு."

மழையில் யாரோ குடையில்லாமல் ஓடினார்கள். மேலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"நீ இருக்கியா?" என்றான் அனி.

"இருக்கேன். நீ அன்னிக்கு ஃபோனை வெச்சியே. தூங்கிட்டேன்னு சொன்னியே."

"தூங்கல."

"தெரியும்."

"கோவமா இருந்தேன். சாரி. எனக்கும் அதை எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

இதைக் கேட்டுப் பயம் அதிகமாகியிருக்க வேண்டும். ஆனது. ஆனால் பொய் சொல்லாமல் ஒருத்தன் எனக்குப் பயம் காட்டுகிறான். அதில் ஏதோ பிடித்துக்கொள்ள இருக்கிற மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

தூறல். அப்பா அரை நாள் லீவு, நானும். அலிப்பூர் கோர்ட் வாசல், நீல பாலிதீன் கூரை, வரிசையாக டைப்பிஸ்டுகள், நடுவில் நோட்டரி. அப்பா கையால் இங்கிலீஷில் எழுதி வந்திருந்தார். எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

டைப்பிஸ்ட் கண்ணாடி போட்ட, வாயில் பான் அடக்கிய மனிதர். அடித்து முடித்து, சரிபார்க்க உரக்க வாசித்தார். சுற்றிலும் ஆட்கள். வாடகை கேஸ், ஜாதிச் சான்றிதழ், யாரோ ஒருவரின் தொலைந்துபோன மார்க் ஷீட்.

"அனிர்பானை எனக்கு இந்த ஜூலை மாதத்திலிருந்துதான் தெரியும். நேரில் பார்த்ததில்லை. தொலைபேசியில் பேசியிருக்கிறேன். கேட்ட கேள்விகளுக்குத் தனக்குப் பாதகமான பதிலையும் மறைக்காமல் சொன்னார். என் மகளுக்கு அவரை ஆறு ஆண்டுகளாகத் தெரியும். அவர்கள் சேர்ந்திருக்கும் படங்களோ கடிதப் போக்குவரத்தோ இல்லை. என் மகள் அவற்றை அன்றாடம் அழித்துவிட்டாள். எனக்குப் பயந்து அழித்தாள். அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் நான்."

டைப்பிஸ்ட் நிறுத்தினார். வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு, "பாபு, இந்தக் கடைசி ரெண்டு வரி கேசுக்குத் தேவையில்லையே. எடுத்துடவா?" என்றார்.

"தாக்," என்றார் அப்பா. இருக்கட்டும்.

கையெழுத்து. முத்திரை. இரண்டு பிரதி. அப்பா தாளை நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தார். நான் பையில் வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்தில் பக்கத்தில். டிக்கெட் எடுத்த பிறகு கேட்டார். "எழுதினது சரிதான? தப்பு இருந்தா இப்பவே சொல்லு. திரும்பிப் போய் மாத்திக்கிடலாம்."

இல்லப்பா, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கம்.

"சரிதான்பா," என்றேன்.

தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ஸ்டாப் போனது. இன்னொன்று போனது. பேசவில்லை. போச்சு, சொல்லியிருக்கக் கூடாது, இனி காளி பூஜை வரைக்கும்தான், அதற்குள் விசா வந்தாலும் இப்படியே ஏறிப் போக வேண்டியதுதான். மன்னிப்பு கேட்டுவிடலாமா என்று வாயைத் திறந்தேன். மூடினேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ஸ்டாப்பில் அப்பா திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"ஏட்டி," என்றார், "ஏதாவது பேசு."